முதல் தளபதி முத்துக்குமாருவும் திருகோணமலைத் துறைமுகமும்

இலங்கை இராணுவத்தின் முதலாவது சுதேசத் தளபதி ஒரு தமிழர் என்று சொன்னால் இன்றைய இளைஞர்களிற் பலர் நம்ப மறுக்கிறார்கள். சிலர், "எந்த இராணுவத்தைச் சொல்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. எண்பதுகளிலும் அதன் பின்னரும் வடக்குக் கிழக்கிற் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு இராணுவம் என்றதும் சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் அடையாள அட்டையுமே நினைவுக்கு வரும். அந்த இராணுவத்தின் தலைமைக் கதிரையில் முத்துக்குமாரு என்ற பெயருடைய ஒருவர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அமர்ந்திருந்தார் என்பது அவர்களுக்குக் கட்டுக்கதை போலத் தோன்றுவது இயல்பே.

மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு 1955 பெப்ரவரி 9ஆந் திகதி தளபதிப் பொறுப்பை ஏற்றார். 1959ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றார். தனிச் சிங்களச் சட்டம், பண்டா-செல்வா ஒப்பந்தம், அதன் கிழிப்பு, 1958ஆம் ஆண்டு இனக்கலவரம், பிரதமர் பண்டாரநாயக்காவின் கொலை ஆகிய யாவும் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் அடங்குகின்றன. எனது ஊராகிய திருகோணமலைக்கு இவற்றோடு இன்னொரு நாளும் முக்கியமானது. 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி பிரித்தானியர் தமது கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்த நாள் அது.

இவ்விரண்டையும் தனித்தனியே எழுதியவர்கள் உண்டு. சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. துறைமுகத்தில் வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர்களின் விவகாரம் அடுத்த ஆண்டிலேயே பொலன்னறுவைக்குப் போய், அங்கிருந்து முத்துக்குமாருவின் சிப்பாய்கள் துப்பாக்கி ஏந்த வேண்டிய நிலை வரை வளர்ந்தது. அந்தத் தொடர்பை விளக்குவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் துறைமுகம். திருகோணமலையின் உட்துறைமுகம் எக்காலமும் கப்பல்கள் பத்திரமாக நங்கூரமிடக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் பெரிய போர்க்கப்பல்களுக்கு இதற்கு இணையான புகலிடம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஐரோப்பியர் மாறி மாறி இதற்காக மோதினர். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோவிலை இடித்து அதே குன்றிற் கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. 1795 ஓகஸ்ட் மாதம் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றினர். அதன் பின் நூற்றி அறுபத்திரண்டு ஆண்டுகள் அவர்கள் அதை விடவில்லை. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆகி நெப்போலியனை வோட்டர்லூவில் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லி 1800ஆம் ஆண்டின் முடிவில் இங்கு வந்து தங்கியிருந்தார். பிரட்றிக் கோட்டைக்குள் அவர் பெயரால் ஓர் இல்லம் இன்றும் இருக்கின்றது.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது திருகோணமலையின் பெறுமதி பன்மடங்கு உயர்ந்தது. ஏப்ரல் 9ஆந் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்றைய தினமே விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று அன்று எரிந்தழிந்தது. அதன் சிதைவைப் பிற்காலத்திலும் மக்கள் காட்டி வந்தார்கள்.

இந்தப் போர்க்காலத்திலேதான் நமது கட்டுரை நாயகனின் வாழ்க்கை வழக்கறிஞர் பாதையிலிருந்து இராணுவப் பாதைக்கு முழுமையாகத் திரும்பியது.

அன்ரன் மரியன் முத்துக்குமாரு 1908 ஜூலை 6ஆந் திகதி கொழும்பிற் பிறந்தவர். வட மாகாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட, கொழும்பில் வேரூன்றிய குடும்பம். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் கற்று, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரிக்குச் சென்றார். பின்னர் இலண்டனில் பாரிஸ்டர் ஆனார். அக்காலத்தில் வசதி படைத்த இலங்கைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்கு வகுத்து வைத்த பாதை அது. நாடு திரும்பியபின் சட்டத்தொழிலோடு தொண்டர் படையிலும் சேர்ந்தார். 1881இல் தொண்டர் படையாகத் தோன்றிய இலங்கை இலகு காலாட்படையே அவர் சேர்ந்த பிரிவு.

தொண்டர் படை என்பதை இன்றைய வாசகருக்குச் சற்று விளக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைக்கென முழுநேர இராணுவம் எதுவும் இருக்கவில்லை. அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ தோட்டத்திலோ வேலை செய்துகொண்டு, ஓய்வு நேரத்திற் பயிற்சி பெறுபவர்களே இலங்கைப் பாதுகாப்புப் படையில் இருந்தார்கள். அதிகாரி ஆவதற்கு ஆங்கிலமும் குடும்ப அந்தஸ்தும் வேண்டியிருந்தன. சிங்களவர், தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள், மலாயர் யாவரும் அதில் இருந்தனர். அவர்களை இணைத்தவை ஆங்கில மொழியும் ஒரேவகைப் பாடசாலைகளுமாகும்.

போர் வந்ததும் இத்தொண்டர்கள் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டார்கள். ஆனால் ஆங்கிலேயர் அவர்களை முழுமையாக நம்பவில்லை. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவிற் காவலிலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கிராற்றியன் பெர்னாண்டோ என்பவரின் தலைமையிற் கிளர்ச்சி செய்து தோல்வியுற்றனர். அவரும் வேறு இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் இலங்கைப் படையணி எதனையும் கடல் கடந்த போர்முனைக்கு அனுப்புவதில் ஆங்கிலேயர் அக்கறை காட்டவில்லை. எனவே இலகு காலாட்படையினர் போர்க்காலத்தின் பெரும்பகுதியை இத்தீவின் காவற் பணியிலேயே கழிக்க நேர்ந்தது. முத்துக்குமாருவும் அக்காவற்பணியின் ஊடாகவே பதவியில் உயர்ந்தார்.

சுதந்திரத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1947 நவம்பர் 11ஆந் திகதி, பிரித்தானியாவும் இலங்கையும் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா விமானத் தளமும் பிரித்தானியர் வசமே நீடித்தன. 1948 பெப்ரவரியிற் கொடி மாறியது. திருகோணமலைத் துறைமுகத்தில் அந்தக் கொடி மாறவில்லை. சுதந்திரம் என்பது எங்களூருக்கு ஒன்பது ஆண்டுகள் பிந்தி வந்தது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டப்படி அவ்வாண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டது. முதலாவது தளபதி பிரிகேடியர் கெய்த்னஸ் பிரபு. 1952இல் அவரை அடுத்து வந்தவர் பிரிகேடியர் பிரான்சிஸ் றீட். இருவரும் பிரித்தானியர். நிரந்தரப் படையாக மாற்றப்பட்ட இலகு காலாட்படையின் முதலாவது பட்டாலியனுக்கு முதற் கட்டளை அதிகாரியானவர் முத்துக்குமாரு. சட்டத்தொழிலை விட்டு முழுநேரச் சிப்பாயாகும்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

அந்த இளம் இராணுவத்தின் முதற் பணிகள் எவை என்பதையும் நினைவுகூர வேண்டும். வெளிநாட்டுப் பகைவன் எவனும் வரவில்லை. 1952இல் கடற்படையோடு சேர்ந்து வடமேற்குக் கரையிற் கள்ளக் குடியேற்றத் தடுப்புப் பணியில் இறங்கியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பின்னணியில், தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வருவோரைப் பிடிப்பதே அப்பணி. 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலின்போது தெருக்களில் இறங்கியது. ஆக, தொடக்கத்திலிருந்தே இந்த இராணுவம் உள்நாட்டை நோக்கியே திரும்பி நின்றது. முத்துக்குமாருவைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். நான் விட்டுவிட விரும்பவில்லை.

1955இல் றீட் விலகியபோது அடுத்த தளபதி இலங்கையராக இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தின்படி முத்துக்குமாரு நியமிக்கப்பட்டார். வயது நாற்பத்தாறு. அப்போதைய பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை. ஒரு தமிழரை நியமித்தது பெரிய அரசியற் துணிச்சல் என்று இன்று நமக்குத் தோன்றலாம். அக்காலத்தில் அது அவ்வாறு கருதப்படவில்லை. மூப்பு வரிசையில் முன்னின்றவர் அவர், ஒக்ஸ்போட்டிற் படித்தவர், ஆங்கிலேயருக்கும் அறிமுகமானவர். தமிழர் என்பது ஒரு தடையாகவோ தகுதியாகவோ எண்ணப்படாத கடைசிக் காலம் அது.

அடுத்த ஆண்டே எல்லாம் மாறியது. 1956 ஏப்ரல் தேர்தலில் பண்டாரநாயக்கா வென்றார். ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. கல்லோயாவிலே தமிழர் தாக்கப்பட்டனர். ஓகஸ்ட் மாதம் தமிழரசுக் கட்சியினர் பல திசைகளிலிருந்தும் கால்நடையாகத் திருகோணமலைக்கு வந்து மாநாடு கூடினார்கள். எங்களூரில் 'திருமலை யாத்திரை' என்று இன்றும் பேசப்படும் நிகழ்ச்சி அது. ஓராண்டுக்குள் தமிழர் கோரிக்கைகளை நிறைவேற்றாவிட்டால் அறப்போர் தொடங்கும் என்று அம்மாநாடு அரசுக்குத் தவணை கொடுத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் இராணுவத்திற் சிங்க றெஜிமென்ற் என்ற புதிய காலாட்படைப் பிரிவு உருவாக்கப்பட்டது. பெயரே காலத்தின் போக்கைச் சொல்லும். அதுவும் ஒரு தமிழ்த் தளபதியின் காலத்திலேயே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அறப்போர்த் தவணை முடியுமுன்னர் 1957 ஜூலை 26ஆந் திகதி பண்டா-செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. மூன்று மாதங்களின் பின்னர் ஒக்டோபர் 15ஆந் திகதி திருகோணமலைத் தளமும், நவம்பர் முதலாந் திகதி கட்டுநாயக்காத் தளமும் இலங்கையின் கைக்கு வந்தன. அணிசேராக் கொள்கையைப் பேசிய பண்டாரநாயக்காவுக்கு அது பெருவெற்றி. அந்நியப் படை நீங்கியதில் இடதுசாரிகளுக்கும் மகிழ்ச்சி. தேசிய இயக்கத்தின் நோக்கில் அது நியாயமான மகிழ்ச்சியே.

ஆனால் ஊரில் அது வேறு விதமாக உணரப்பட்டது. 'டொக்யாட் வேலை' என்பது அக்காலத்துத் திருகோணமலையில் ஒரு குடும்பத்தின் அடையாளம். கொல்லர், தச்சர், பொருத்துநர், எழுதுவினைஞர், சுமைதூக்குவோர் என்று பல தரத்தினரும் அத்தளத்தை நம்பி வாழ்ந்தார்கள். கடைத்தெரு வியாபாரமும் கப்பற்காரரை நம்பியே நடந்தது. நான் பத்திரிகைப் பணியிற் சேர்ந்த புதிதில், தளத்திற் பணிபுரிந்த முதியவர்கள் சிலரோடு உரையாட வாய்த்தது. வெள்ளைக்காரன் போனதற்காக அவர்கள் அழவில்லை. மாதச் சம்பளம் நின்றதற்காகவே அழுதார்கள். நாட்டுக்குத் தளம் கிடைத்த அதே நாளில் அவர்களுக்கு வேலை போயிற்று.

வேலை இழந்தவர்களுள் ஏறத்தாழ நானூறு தமிழ்க் குடும்பங்களைப் பொலன்னறுவைப் பக்கத்துக் குடியேற்றப் பகுதிகளிற் குடியமர்த்தும் யோசனை அரசிடம் இருந்தது. தளத்தை மூடும் அரசாங்கம் தொழிலாளருக்குச் செய்ய வேண்டிய கடமை என்ற வகையில் அது நியாயமான யோசனையே. ஆனால் நெற்காணியும் குளத்துநீரும் இனக்கணக்கிற் பார்க்கப்படத் தொடங்கிவிட்ட காலம் அது. தமிழ்த் தொழிலாளர் வருகிறார்கள் என்ற செய்தி அப்பகுதிச் சிங்களக் குடியேற்றவாசிகளிடையே கோபத்தை மூட்டியது. பதவியாவிலே ஒதுக்கப்பட்ட நிலத்தை அவர்கள் முந்திக்கொண்டு பிடித்தார்கள். கும்பல்கள் திரண்டன. 1958 ஏப்ரல் 9ஆந் திகதி பிக்குமாரின் நெருக்குதலுக்குப் பணிந்து பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அது அந்தக் கும்பல்களுக்குத் தெம்பைக் கொடுத்தது.

மே மாதம் 22ஆந் திகதி பொலன்னறுவையிற் புகையிரதப் பயணிகள் தாக்கப்பட்டனர். வவுனியாவில் நடைபெறவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குச் செல்வோரைத் தேடியே அத்தாக்குதல். பின்னர் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். வன்முறை கொழும்புக்கும் பாணந்துறைக்கும் பரவியது. கிழக்கிலும் வடக்கிலும் சிங்களவர்கள் மீது பழிவாங்கல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் நாகவிகாரை தாக்கப்பட்டது. இதையும் மறைக்காமற் சொல்வது நமது கடமை. பிரதமர் நாட்களைக் கடத்தினார். மே 27ஆந் திகதிதான் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக நிலைமையைத் தம் கையிலெடுத்தார். முத்துக்குமாருவின் இராணுவத்துக்கு முழு அதிகாரம் கிடைத்தது அப்போதுதான்.

அந்த நாட்களின் பதிவுகளைப் படிக்கும்போது இராணுவம் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம். பொலன்னறுவையில் ஆயிரக்கணக்கான கும்பலுக்கு முன்னால் சிறு தொகைச் சிப்பாய்கள் நின்று, அகதிகளைக் காத்து, கும்பலை நோக்கிச் சுட்டுக் கலைத்தார்கள். சுட்டவர்களிற் பெரும்பாலானோர் சிங்களவர், கலைக்கப்பட்டவர்களும் சிங்களவர், காக்கப்பட்டவர்கள் தமிழர். கட்டளைத் தொடரின் உச்சியில் இருந்தவர் ஒரு தமிழர். அக்கட்டளைக்குச் சிங்களச் சிப்பாய்கள் பணிந்தார்கள். கொழும்பில் அகதி முகாம்களிலிருந்த பல்லாயிரம் தமிழர்கள் கப்பல்களிற் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்ட பின்னரே இவையெல்லாம் நடந்தன என்பது உண்மை. அத்தாமதத்தின் பொறுப்பு அரசியல்வாதிகளுடையது. கட்டளை கிடைத்த பின்னர் இராணுவம் இனம் பார்க்கவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளின் பின் 1983 ஜூலையில் நிலைமை எவ்வாறு இருந்தது என்பதை என் தலைமுறையினர் அறிவார்கள். திருகோணமலையிற் கடற்படைச் சிப்பாய்களே தெருவில் இறங்கிக் கடைகளையும் வீடுகளையும் எரித்தார்கள். 1958இல் கும்பலைக் கலைத்த சீருடை 1983இல் கும்பலாகவே வந்தது. இடையில் என்ன நடந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

1959 செப்டெம்பர் 25ஆந் திகதி பண்டாரநாயக்கா சுடப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வாண்டின் முடிவில் முத்துக்குமாரு ஐம்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றார். 1960 ஜனவரி முதலாந் திகதி விஜயகோன் தளபதியானார். அதே ஆண்டிற் கடற்படைத் தளபதியாகத் தமிழரான ராஜன் கதிர்காமர் பொறுப்பேற்று 1970 வரை பதவி வகித்தார். எனவே தமிழர் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர் என்று சொல்வது சரியன்று. மாற்றம் படிப்படியாக வந்தது. அதனாலேயே பலர் அதைக் கவனிக்கத் தவறினர்.

முதற் படி 1961. ஜனவரி முதலாந் திகதியிலிருந்து சிங்களம் மட்டும் நிர்வாக மொழியாக முழுமையாக அமுலுக்கு வந்தது. தமிழரசுக் கட்சி கச்சேரிகளின் வாயில்களிற் சத்தியாக்கிரகம் செய்தது. திருகோணமலைக் கச்சேரியிலும் மக்கள் அமர்ந்தார்கள். ஏப்ரல் மாதம் அவசரகால நிலையின் கீழ் இராணுவம் வடக்குக்கு அனுப்பப்பட்டு அமைதியாக அமர்ந்திருந்தவர்களைக் கலைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தமிழ் அகதிகளைக் காத்த அதே இராணுவம்.

இரண்டாவது படி 1962. ஜனவரி 27ஆந் திகதி ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி ஒன்று கடைசி நேரத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஈடுபட்ட இராணுவ, பொலிஸ் அதிகாரிகளிற் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். சிங்களவர், தமிழர், பறங்கியர் மூவினத்தவரும் இருந்தனர். முத்துக்குமாருவோடு ஒரே மேசையிற் சாப்பிட்ட வர்க்கம் அது. தண்டனை பெற்றவர்கள் 1965 டிசம்பரிற் கோமறைக் கழகத்தின் தீர்ப்பால் விடுதலையானார்கள். ஆனால் அரசு வேறொரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. ஆங்கிலம் படித்த கலப்பினக் கூட்டத்தை நம்ப முடியாது. பெரும்பான்மைச் சமூகத்திலிருந்தே அதிகாரிகளைச் சேர்க்க வேண்டும் என்பதே அப்பாடம். 1961இல் யாழ்ப்பாணத்தில் இராணுவ நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்த உடுகம 1964இல் தளபதியானார். அதன் பின்னர் தமிழர் சேர்வது அருகி, எழுபதுகளில் ஏறத்தாழ நின்றுபோயிற்று. பின்னர் ஆயுதப் போராட்டம் வந்தது; தமிழ் இளைஞன் இராணுவத்திற் சேர்வது துரோகம் என்ற நிலையும் வந்தது. கதவு இரு பக்கமிருந்தும் சாத்தப்பட்டது. முத்துக்குமாருவுக்குப் பின் இன்று வரை எந்தத் தமிழரும் இராணுவத் தளபதியாகவில்லை.

இனி முத்துக்குமாரு பற்றிய ஒரு கடுமையான கேள்வி. "தளபதியாக இருந்தாரே, தமிழருக்கு என்ன செய்தார்?" என்று சில நண்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு. அவர் தமிழர் அரசியலிற் தலையிட்டவர் அல்லர். தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துப் பதவி துறக்கவும் இல்லை. ஓய்வின் பின்னர் அதே அரசின் தூதுவராகப் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து முதலிய நாடுகளிற் பணியாற்றினார்.

என் எண்ணம் இதுதான். ஓர் இராணுவத் தளபதி தன் இனத்துக்கு என்ன செய்தார் என்று கேட்கத் தொடங்கினால், சிங்களத் தளபதி தன் இனத்துக்குச் செய்ததை நாம் எப்படிக் குறைகூறுவது? 1958இல் அவரிடம் எதிர்பார்த்திருக்கக் கூடியது சட்டத்தை எல்லோருக்கும் ஒன்றாகக் காப்பது. அதை அவருடைய படை செய்தது. குறை வேறிடத்தில் இருக்கிறது. அவரை உச்சிக்குக் கொண்டுவந்த ஏணி ஆங்கிலத்தாற் கட்டப்பட்டது. முத்தூரிலோ நிலாவெளியிலோ பிறந்து தமிழில் மட்டும் படித்த மீனவன் மகனுக்கு அந்த ஏணி ஒருபோதும் எட்டவில்லை. மொனராகலையின் சிங்கள விவசாயி மகனுக்கும் எட்டவில்லை. 1956க்குப் பின் அந்த ஏணியை எடுத்துவிட்டுச் சிங்களவருக்கு மட்டும் புதிய ஏணி வைத்தார்கள். தமிழருக்கு எதுவும் வைக்கப்படவில்லை. பழைய ஏற்பாடு அநீதியானது. அதை மாற்றிய விதம் அதைவிட அநீதியானது.

திருகோணமலையில் இதன் விளைவை இன்றும் காணலாம். 1957இல் பிரித்தானியர் விட்டுச்சென்ற இடம் பொதுமக்கள் கைக்கு வரவில்லை. டொக்யாட்டிற் கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகம் இருக்கிறது. சீனக்குடாவில் விமானப்படை இருக்கிறது. பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கோணேசரைத் தரிசிக்கச் செல்வோர் அந்தக் கோட்டை வாயிலூடாகவே செல்ல வேண்டும். 2006இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தம் காணிக்குத் திரும்ப 2015, 2016ஆம் ஆண்டுகள் வரை காத்திருந்தார்கள். போரின் கடைசிக் கட்டத்திலும் பின்னரும் கிழக்கு மாகாண ஆளுநராக ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி மொகான் விஜேவிக்ரம இருந்தார். ஓய்வுபெற்ற படை அதிகாரி குடிசார் நிர்வாகத்துக்கு வருவது எங்களூரில் வழமை போலாகிவிட்டது. அவர்களின் தனிப்பட்ட குணநலன்களைப் பற்றி நான் பேசவில்லை. காணி உறுதியோடு வரும் விவசாயி, தன் மொழியிற் பேசி விளங்கவைக்க முடியாத கதிரையின் முன்னால் நிற்கிறான் என்பதையே சொல்கிறேன்.

தமிழர் தரப்பும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1987 ஏப்ரலில் ஹபறணை - திருகோணமலை வீதியில் பேருந்துகளை மறித்து நூற்றுக்கு மேற்பட்ட சிங்களப் பயணிகளைப் புலிகள் கொன்றார்கள். புகையிரதத்தை மறித்த 1958ஆம் ஆண்டுக் கும்பலுக்கும் அந்தச் செயலுக்கும் பாதிக்கப்பட்டவர்களின் கண்ணில் வேறுபாடு இல்லை. அப்படிப்பட்ட நினைவுகளோடு வாழும் சிங்களக் கிராமத்து இளைஞனே இன்றும் சீருடை அணிந்து எங்களூர் வீதிகளில் நிற்கிறான்.

அந்த 1987ஆம் ஆண்டிலேதான் முத்துக்குமாருவின் இலங்கை இராணுவ வரலாறு பற்றிய ஆங்கில நூல் புதுடெல்லியில் வெளியாகியது. அவ்வாண்டு ஜூலை 29ஆந் திகதி இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் தனியாக இடம்பெற்றன. முப்பது ஆண்டுகளின் பின்னர் இன்னொரு வெளிநாட்டுப் படை எங்களூரில் இறங்கியது. அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. முத்துக்குமாரு இவற்றையெல்லாம் கண்டு, 2001இல் காலமானார்.

அவரது காலத்தை மீட்டெடுக்க முடியாது, மீட்டெடுக்கவும் வேண்டியதில்லை. சில குடும்பங்களின் இராணுவம் அது. ஆனால் அந்தப் படை 1958இல் ஒன்றை நிரூபித்தது. தெளிவான கட்டளையும் நடுநிலையான தலைமையும் இருந்தால், பெரும்பான்மையினச் சிப்பாய் சிறுபான்மையினக் குடிமகனைக் காப்பான். அது கற்பனையன்று, இந்த நாட்டிலேயே நடந்தது. 1987இற் சட்டப்புத்தகத்தில் ஏறிய தமிழ் மொழி பிரட்றிக் கோட்டை வாயிலிற் காவல் நிற்பவனின் வாய்க்கு வரவேண்டும். முத்தூர்ப் பிள்ளையும் அச்சமோ பழியோ இன்றி அந்த வாயிலிற் காவல் நிற்கக்கூடிய நிலை வரவேண்டும். அதுவரை, முதல் தளபதி ஒரு தமிழர் என்ற செய்தியை இளைஞர்கள் நம்ப மறுப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.